எடின்பரோவில் ஒரு நாள்: முதலில் மலை, பிறகு பப்

கேள்வி இதுதான்: "மே மாதத்தில் எடின்பரோவில் ஒரு முழு நாள் கிடைக்கிறது. நகரத்தை உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய பப்களைப் பார்க்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. நான் குடிப்பதில்லை, சைவம் வேறு. இரண்டையும் ஒரே நடையில் சேர்க்க முடியுமா, அல்லது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு இரவில் சந்திப்பதா?"

தயவுசெய்து ஆளுக்கொரு பக்கம் போகாதீர்கள். அந்த ஊரில் பல வருடங்கள் இருந்தவன், விடுமுறை நாட்களில் எல்லாம் நடந்தே கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எடின்பரோவில் மலையும் பப்பும் தனித்தனி விஷயங்கள் அல்ல. ஊரின் அடியில் இருக்கும் பாறையும் அதனூடே ஊறிவந்த தண்ணீரும்தான் இரண்டையும் உண்டாக்கின. அது புரிந்துவிட்டால், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதும் விளங்கிவிடும்.

என் யோசனை: காலையில் ஆர்தர்ஸ் சீட் மலை ஏறி, மறுபக்கம் டடிங்ஸ்டன் என்ற சிற்றூரில் இறங்கி மதியச் சாப்பாடு. பிறகு ஒரு பழைய ரயில் சுரங்கம் வழியாக நகருக்குத் திரும்பி, பிற்பகல் முழுவதும் பழைய நகரம். சூரியன் மறையும் நேரத்தில் கால்டன் குன்று. கடைசியாக அதன் அடிவாரத்தில் ஒரு பப். மொத்தம் பத்துப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும். பப்களின் எண்ணிக்கை நான்கைத் தாண்ட வேண்டாம். பன்னிரண்டு பப்களுக்கு ஒரே மாலையில் கூட்டிச் செல்லும் ஏற்பாடுகள் உண்டு. அவற்றில் போனவர்களுக்கு எந்தக் கூரை எந்த பப்பில் இருந்தது என்று மறுநாள் நினைவிருப்பதில்லை.

மலையைக் காலைக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. உச்சிப் பாறையில் கணக்கற்ற காலடிகள் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. மழைத் தூறலில் அது சோப்புக் கட்டி போலிருக்கும். குடித்துவிட்டு அங்கே ஏறக் கூடாது. நான் போன முதல் வருடம், மதியம் பப்புக்குப் போய்விட்டு மாலையில் ஏறிய நண்பர் ஒருவர் இறங்கும்போது கணுக்கால் பிசகி, கடைசி அரை மைலை எங்கள் தோளைப் பிடித்தபடி வந்தார். அன்றிலிருந்து ஏற்றம் முழுவதும் முடிந்த பிறகே முதல் கிளாஸ் என்பது எனக்கு விதி. கால்டன் குன்று மட்டும் விலக்கு. அதற்குப் படிக்கட்டும் சாலையும் இருக்கின்றன.

காலை ஒன்பது மணிக்கு ஹோலிரூட் அரண்மனைக்கு எதிரே, ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் முன்னால் நில்லுங்கள். 2004இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் நிற்கும் மனையில் முன்பு பெரிய பீர் நிறுவனம் ஒன்றின் அலுவலகம் இருந்தது. அதற்கும் முன்னால் அந்தச் சுற்றுவட்டாரமே பீர் வடிக்கும் பேட்டை. பக்கத்தில் இடிந்து நிற்கும் ஹோலிரூட் மடாலயம் 1128இல் நிறுவப்பட்டது. அதன் துறவிகளும் பீர் வடித்தவர்கள்தான். ஏன் இந்த இடம்? தண்ணீர். ஹோலிரூட்டில் தொடங்கி கேனன்கேட், கௌகேட், கிராஸ்மார்க்கெட் வழியாக மேற்கே பவுண்டன்பிரிட்ஜ் வரை வில் போல வளைந்த ஒரு பட்டையில் தோண்டிய கிணறுகளில் உப்புச்சத்து மிகுந்த கடின நீர் கிடைத்தது. துவைக்கவும் சமைக்கவும் தோதுப்படாத அந்தத் தண்ணீர் ஏல் என்ற பீர் வகையில் வெளிர் நிறத்ததற்குப் பிரமாதமாகப் பொருந்தியது. பீர் வடிப்பவர்கள் அந்தப் பட்டைக்கு 'மந்திர வட்டம்' என்ற பொருளில் பெயரே வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறி இந்தியாவுக்குப் போனது. 'இந்தியா பேல் ஏல்' என்று இன்று உலகம் முழுவதும் விற்கும் வகையை அன்று பெருமளவில் வடித்து அனுப்பிய ஊர்களில் எடின்பரோவும் ஒன்று.

இனி ஏற்றம். ஆர்தர்ஸ் சீட்டின் உயரம் 251 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் அது மலையல்ல, குன்றுதான். ஆனால் கடல் பக்கத்திலேயே இருப்பதாலும் நகரத்தின் நடுவிலிருந்து எழுவதாலும் பார்க்க மிகப் பெரியதாகத் தெரியும். சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் அவிந்துபோன எரிமலை. வலது கைப் பக்கம் செம்பழுப்பு நிறத்தில் மதில் போல நிற்பது சாலிஸ்பரி கிராக்ஸ். அங்கே படிவுப் பாறையின் அடுக்குகளுக்கு நடுவே உருகிய குழம்பு புகுந்து உறைந்திருப்பதைக் கண்டுதான் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் அல்ல, கணக்கிட முடியாத காலம் என்ற தன் வாதத்துக்கு ஒரு சான்று சேர்த்தார். இன்றைய நிலவியல் இந்த ஊரில்தான் பிறந்தது என்று சொல்வது மிகையில்லை. பாறைச் சரிவின் ஓரமாகப் போகும் பாதையில் 2018இல் கற்கள் சரிந்ததால் தடுப்புப் போட்டார்கள். தடுப்பு எங்கே இருந்தாலும் தாண்டாதீர்கள். உங்களுக்கு அந்த வழி தேவையும் இல்லை. செயின்ட் மார்கரெட்ஸ் ஏரிக்கு மேலே, இடிந்த செயின்ட் ஆன்டனி சிற்றாலயத்தைக் கடந்து புல்வெளிப் பள்ளத்தாக்கின் வழியே ஏறுங்கள். அது எல்லாவற்றிலும் இதமான ஏற்றம். நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரத்தில் உச்சி.

உச்சியில் காற்று தள்ளும். தொப்பியைப் பையில் வைத்துவிடுங்கள். முதலில் மேற்கே பாருங்கள். கோட்டை நிற்கும் பாறையும் ஒரு எரிமலையின் தொண்டைதான். பனியுகத்தில் மேற்கிலிருந்து வந்த பனியாறு அந்தக் கெட்டிப் பாறையில் மோதிப் பிரிந்தது. பாறையின் நிழலில் கிழக்குப் பக்கம் மட்டும் மண் அரிபடாமல் வால் போல நீண்டு சரிந்து நின்றது. அந்த வாலின் முதுகில் போட்ட தெருதான் ராயல் மைல். கோட்டையிலிருந்து அரண்மனை வரை ஒரே சரிவு, இருபுறமும் பள்ளம், அந்தப் பள்ளங்களுக்கு இறங்கும் நூற்றுக்கணக்கான சந்துகள். இந்த வடிவத்தை இங்கிருந்து ஒருமுறை கண்ணால் வாங்கிக்கொண்டால் பிற்பகலில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் வழி தவறாது. பிறகு வடக்கே திரும்புங்கள்: ஃபோர்த் கழிமுகம், அக்கரையில் ஃபைஃப், இடக்கோடியில் 1890இல் திறந்த சிவப்பு நிற ரயில் பாலம். கிழக்கே கடலுக்குள் வெள்ளைத் தலையோடு நிற்பது பாஸ் ராக். அது வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் பறவைகள். கேனட் என்ற கடற்பறவைகள் கோடையில் அந்தப் பாறையை மூடிவிடுகின்றன. காற்று மேற்கிலிருந்து அடித்தால், வேகவைத்த தானியத்தின் மணம் லேசாக வரும். நகரின் மேற்கே இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஸ்கி ஆலையிலிருந்து வருவது அது. ஊரை விட்டு வந்த பிறகு எனக்கு முதலில் ஏக்கம் தந்தது அந்த மணம்தான்.

பெரும்பாலோர் ஏறிய வழியே இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் கிழக்கே டன்சாப்பி ஏரிப் பக்கம் இறங்கி, சாலையைக் கடந்து, செங்குத்தான படிகள் வழியாக டடிங்ஸ்டனுக்குப் போங்கள். பத்து நிமிடத்தில் நகரம் முழுவதும் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். கீழே ஒரு ஏரி, ஏரிக்கரையில் 12ஆம் நூற்றாண்டு தேவாலயம், ஒரே ஒரு கல் பாவிய தெரு. தேவாலய வாசலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். குதிரை ஏறுவதற்கான கல்படி ஒன்று. மருத்துவக் கல்லூரிக்கு விற்பதற்காகப் புதைத்த பிணங்களைத் தோண்டி எடுத்த திருடர்களைக் கண்காணிக்க 1824இல் கட்டிய சிறு காவல் கோபுரம் ஒன்று. சுவரில் சங்கிலியில் தொங்கும் இரும்புக் கழுத்துப் பட்டை மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வருகிற அத்தனை பேரும் பார்க்கும்படி, குற்றம் செய்தவர்களை அதில் பூட்டி நிறுத்துவார்களாம்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் ஷீப் ஹெய்ட் இன். 1360 முதல் இந்த இடத்தில் விடுதி இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பப் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். இன்றைய கட்டடம் அவ்வளவு பழையதல்ல. ஆனால் பெயரில் உண்மை இருக்கிறது. மலைச்சரிவில் மேய்ந்த ஆடுகளை இங்கே அறுத்தார்கள், இறைச்சி நகரத்துக்குப் போனது, மிஞ்சிய தலைகள் இங்கே சூப்பாயின. ஆட்டுத்தலைச் சூப்பைக் குடித்து வளர்ந்த நம்மில் பலருக்கு அந்தப் பெயர்ப்பலகை அந்நியமாக இருக்காது. பின்புறத்தில் ஒரு பழைய ஸ்கிட்டில்ஸ் கூடம் இருக்கிறது. நீண்ட மரத்தளம், கோடியில் ஒன்பது மரக்கட்டைகள், உருட்டிவிட ஒரு பந்து. விழுந்த கட்டைகளை நிமிர்த்தி வைக்க இயந்திரம் கிடையாது, விளையாடுபவர்களில் ஒருவர்தான் போய் நிறுத்த வேண்டும். சொல்லி வைத்தால் ஒரு மணி நேரம் தருவார்கள். குடிக்காத உங்களுக்கும் குடிக்கும் கணவருக்கும் இதைவிட நல்ல மதியம் அந்த ஊரில் கிடையாது என்றே சொல்வேன். 2016இல் எலிசபெத் மகாராணியே எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் வந்து இங்கே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாப்பாட்டைப் பற்றி: ஹேகிஸ் என்பது ஆட்டின் ஈரல், நுரையீரல், இதயம், ஓட்ஸ், மிளகு எல்லாம் சேர்ந்த பண்டம். ஆனால் அதே ஓட்ஸும் மிளகும் பருப்பும் காய்களும் சேர்த்துச் செய்யும் சைவ ஹேகிஸ் நகரத்துப் பப்கள் பலவற்றில் கிடைக்கும். டர்னிப் மசியல், உருளைக்கிழங்கு மசியலோடு வரும். காரம் குறைவு என்றாலும் மிளகு நம் நாக்குக்குப் பிடிபடும். குடிப்பதற்கு இஞ்சி பீர் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் மது இல்லாத பானம்தான். இருந்தாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஐயர்ன் புரு என்ற ஆரஞ்சு நிறச் சோடாவையும் ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். குடிக்காமல் பப்பில் உட்கார்ந்திருப்பதை அங்கே யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

டடிங்ஸ்டனிலிருந்து பஸ் பிடிக்காதீர்கள். ஊருக்குத் தெற்கே சிறிது தூரம் நடந்தால் 'இன்னசென்ட் ரயில்வே' என்று அழைக்கப்படும் பாதை வரும். 1831இல் திறந்த ரயில் பாதை அது. டால்கீத் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியைக் குதிரைகள் இழுத்து வந்தன. நீராவி இன்ஜின்களுக்கு மக்கள் பயந்திருந்த காலத்தில், குதிரை இழுத்த இந்த மெதுவான வண்டிக்கு 'அப்பாவி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. தண்டவாளங்களை எடுத்துவிட்டார்கள், இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். கோடியில் மலைக்கு அடியிலேயே 517 மீட்டர் நீளச் சுரங்கம். 30 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம் குதிரைகளால் முடியாது என்பதால், மேல் முனையில் ஒரு நீராவி இயந்திரத்தை நிறுத்தி வண்டிகளைக் கயிற்றால் இழுத்தார்கள். உள்ளே விளக்குகள் உண்டு, மே மாதத்திலும் குளிரும். காலையில் யாருடைய தலைமீது ஏறி நின்றீர்களோ அவருடைய காலடியில் மதியம் நடக்கிறீர்கள். இந்தச் சுரங்கம் கொண்டுவந்த நிலக்கரியும் சேர்ந்துதான் நகரத்தின் அடுப்புகளில் எரிந்து, எடின்பரோவுக்குப் 'புகைக்காரக் கிழவி' என்று சொல்லத்தக்க 'ஓல்ட் ரீக்கி' என்ற செல்லப் பெயரை நிலைக்கவைத்தது. மாலையில் அந்தப் புகையின் கறையைப் பார்க்கப் போகிறீர்கள்.

சுரங்கத்திலிருந்து வெளிவந்து வடமேற்கே இருபது நிமிடம் நடந்தால் பாரஸ்ட் ரோடு. அங்கே சாண்டி பெல்ஸ் என்ற பப். அலங்காரம் எதுவும் இல்லாத, நீளவாக்கில் ஒடுங்கிய அறை. ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற இசை மறுமலர்ச்சிக்கு இந்த அறை ஒரு திண்ணையாக இருந்தது. 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் ஹேமிஷ் ஹெண்டர்சன், ஊர் ஊராகப் போய் நாடோடிகளிடமும் பண்ணையாட்களிடமும் பாடல்களைச் சேகரித்தவர். அவர் வழக்கமாக வந்து உட்காரும் இடம் இது, அவருடைய மார்பளவுச் சிலையும் உள்ளே இருக்கிறது. இசை பெரும்பாலும் மாலையில்தான். பகலில் எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாளும் ஊரில் இருப்பீர்களானால் அப்போது வாருங்கள். வாசிப்பவர்கள் மேடையில் இருப்பதில்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்காக வாசிப்பார்கள். யாராவது தனியாகப் பாடத் தொடங்கினால் அறை முழுவதும் பேச்சை நிறுத்தும். நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

கிராஸ்மார்க்கெட்டை நான் நீளமாகச் சொல்லப் போவதில்லை. தூக்குமேடை இருந்த சதுக்கம், அதைக் காசாக்கும் பப் பெயர்கள், வாரக் கடைசியில் கல்யாண மாப்பிள்ளைகளின் நண்பர் கூட்டம். அதன் தென்மேற்கு மூலையில் வென்னல் என்ற படிச்சந்து மட்டும் வேண்டும். பாதி ஏறித் திரும்பினால் கோட்டை முழுசாக எதிரே நிற்கும்.

அங்கிருந்து வெஸ்ட் போ தெருவில் ஏறினால் போ பார். பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்கு இது பழைய பப் அல்ல. ஆனால் ஸ்காட்லாந்து பப் எப்படி வேலை செய்தது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. கவுன்டரின் மேல் நிற்கும் உயரமான பித்தளைத் தூண்களைப் பாருங்கள். அவற்றுக்கு 'ஃபாண்ட்' என்று பெயர். இங்கிலாந்தில் பரிமாறுபவர் ஒரு நீளக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பார், அந்த இழுப்பில் நிலவறைப் பீப்பாயிலிருந்து பீர் உறிஞ்சப்பட்டு மேலே வரும். ஸ்காட்லாந்தில் வழக்கம் வேறு. பீப்பாய்க்குள் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் பீரை மேலே தள்ளுவார்கள். மின்சாரம் வருவதற்கு முன் குழாய்த் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே காற்றை அழுத்தும் கருவிகள் இருந்தன. எனவே இங்கே பரிமாறுபவர் இழுப்பதில்லை, தூணிலுள்ள சிறு பிடியைத் திருப்புகிறார், அவ்வளவுதான். கிளாஸில் முதலில் பால் போலக் கலங்கி, பிறகு அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து, மேலே விரல் கடை நுரையோடு நிற்கும். அது தெளிந்து முடியும்வரை வாய் வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு வழக்கம்.

பெயர்ப் பலகையில் 70, 80 என்று எண்கள் இருந்தால் அது மதுவின் சதவீதமோ விலையோ என்று குழம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய பீப்பாய்க்கு இத்தனை ஷில்லிங் என்று விலை வைத்தார்கள். வலுக்கூடிய பீருக்கு விலை கூட. 60 லைட், 70 ஹெவி, 80 எக்ஸ்போர்ட். 1971இல் ஷில்லிங்கே ஒழிந்துபோனது, பெயர் மட்டும் பீரில் தங்கிவிட்டது. கணவர் 80 ஷில்லிங் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கட்டும், ஆனால் அரை பைன்ட் கேட்கட்டும். அது 284 மில்லி. நாலு இடத்துக்கும் அரை அரையாகப் போனால்தான் கால்டன் குன்றில் கண் தெளிவாக இருக்கும். இந்த ஏல் நிலவறைக் குளிர்ச்சியில்தான் வரும், நம் ஊர் பீர் போலச் சில்லென்று இராது. அது குறையல்ல, பீப்பாய்க்குள் இன்னும் உயிரோடு புளித்துக்கொண்டிருக்கும் பீரின் சுவை அந்தச் சூட்டில்தான் வெளிவரும். மேசையில் உட்கார்ந்து யாரையும் கூப்பிடாதீர்கள். கவுன்டருக்குப் போய், முன்னால் வந்தவர்களைக் கவனித்து, உங்கள் முறை வரும்போது சொல்லி, உடனே பணம் கொடுத்துவிட வேண்டும்.

இனி ராயல் மைலின் தலைப்பகுதி. கோட்டைக்குச் சற்று முன் வெள்ளைக் கோபுரம் ஒன்று நிற்கும். இன்று அது கண்கட்டு வித்தைகளுக்கான காட்சிக்கூடம். டிக்கெட் மலிவல்ல. ஆனாலும் தமிழ் வாசகர்கள் ஏறியே ஆக வேண்டும் என்பேன், காரணம் நகரமைப்பாளர் பேட்ரிக் கெட்டிஸ். 1892இல் இந்தக் கோபுரத்தை வாங்கியவர் அவர். உச்சியில் இருட்டறைக் கருவி ஒன்று இருக்கிறது: கூரையில் ஒரு கண்ணாடியும் வில்லையும், கீழே குழிந்த வெள்ளை மேசை. அந்த மேசைமீது நகரம் நடமாடும். பஸ் ஊர்ந்து போகும், யாரோ ஒருவர் குடையை விரிப்பார். ஒரு காகிதத்தை மேசைமீது நீட்டினால் அந்த மனிதர் காகிதத்தின்மேல் ஏறி நடந்து போவார். கெட்டிஸ் வந்தவர்களை மூச்சிரைக்க மேலே ஓடவைத்து, முதலில் இந்தக் காட்சியைக் காட்டி, பிறகு ஒவ்வொரு தளமாக இறக்குவார்: எடின்பரோ, அதன் கீழே ஸ்காட்லாந்து, அப்படியே இறங்கிக் கடைசியில் உலகம். உயரத்திலிருந்து முழுசாகப் பார்த்துவிட்டு இறங்கு என்ற பாடத்தை நான் கற்றது அவரிடமிருந்துதான்.

1914இல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் கெட்டிஸ் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சியின் வரைபடங்களும் படங்களும் தனிக் கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. ஆம், அதே வருடம் செப்டம்பர் 22 இரவில் சென்னையின்மேல் குண்டு வீசி, நம் மொழிக்கே ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் போன அதே எம்டன். கெட்டிஸ் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாகப் புதுத் தெருக்கள் போட்டு வீடுகளை இடிக்கும் திட்டத்தை எதிர்த்து, அங்கொன்று இங்கொன்றாகப் பாழடைந்ததை மட்டும் நீக்கி, வெளியைத் திறந்து, மீதியைக் காப்பாற்றலாம் என்று வரைந்து காட்டினார்.

அந்த வைத்தியத்தை அவர் முதலில் செய்துபார்த்த இடம், கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜேம்ஸ் கோர்ட். ஒருகாலத்தில் தத்துவவாதி டேவிட் ஹியூம் வாழ்ந்த அடுக்குமாடி முற்றம். பணக்காரர்கள் புது நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் சேரியாகிப்போனது. 1880களில் கெட்டிஸும் அவர் மனைவி ஆன்னாவும் அங்கேயே குடியேறி, அண்டை வீட்டாரோடு சேர்ந்து கழுவி, வெள்ளையடித்து, சன்னல்களில் பூந்தொட்டி வைத்தார்கள். இப்போது அந்த முற்றத்தில் சில படிகள் இறங்கினால் ஜாலி ஜட்ஜ் என்ற சிறு பப். கூரை தாழ்வு, உத்தரங்களில் பூவும் பழமும் தீட்டியிருக்கிறார்கள். குளிர்நாளில் கணப்பு எரியும். வெளியே ராயல் மைலில் பைப் இசையும் கூட்டமும் அலைமோதும்போது உள்ளே குரல் தாழ்த்திப் பேசினாலே கேட்கும். இங்கே கணவர் விஸ்கி கேட்கலாம், நீங்கள் காபி கேட்கலாம். தஞ்சாவூரில் எந்தத் தெரு பிழைத்தது என்று யோசித்தபடி நான் பலமுறை உட்கார்ந்திருந்த இடம் அது.

பிறகு சரிவில் இறங்கும்போது அட்வகேட்ஸ் க்ளோஸ் என்ற சந்தின் வாயில் நில்லுங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஓவியத்தைச் சட்டத்தில் மாட்டியது போல, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் நினைவுக் கோபுரம் தெரியும். 61 மீட்டர் உயரம், 287 படிகள், கரிய நிறம். நான் சொன்ன புகைக் கறை இதுதான். சுத்தம் செய்தால் மணற்கல் பழுதாகும் என்று கண்டு அப்படியே விட்டுவிட்டார்கள். மேலே ஏற வேண்டாம், அது இன்னொரு நாளைக்கு. கீழே ஃபிளெஷ்மார்க்கெட் க்ளோஸ் படிகளின் நடுவில் ஹாஃப்வே ஹவுஸ் என்ற குட்டி பப் வரும். பத்துப் பன்னிரண்டு பேர் நுழைந்தாலே நெரியும். எட்டிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் கால்டன் குன்று. மே நடுவில் சூரியன் ஒன்பதுக்குப் பிறகுதான் இறங்கும். (டிசம்பரில் வருபவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டும், அங்கே அப்போது மூன்றே முக்காலுக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும்.) மேலே பார்த்தெனான் கோயில் போலப் பன்னிரண்டு தூண்கள் நிற்கும். நெப்போலியன் போர்களில் இறந்தவர்களுக்காக 1826இல் தொடங்கி, பணம் தீர்ந்து 1829இல் நின்றுபோன நினைவுச் சின்னம். 'எடின்பரோவின் அவமானம்' என்று ஏசினார்கள். எனக்கு அது முடிந்திருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருக்காது என்று தோன்றும். தூண்களுக்கு நடுவே வானம் மட்டும் இருப்பதால்தான் மாலை வெளிச்சம் அதில் வந்து தங்குகிறது. பக்கத்தில் தொலைநோக்கியை நிமிர்த்தி வைத்தது போன்ற நெல்சன் கோபுரம். அதன் உச்சியில் 1850களிலிருந்து ஒரு பந்து மதியம் ஒரு மணிக்கு விழுகிறது. லீத் துறைமுகத்துக் கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரம் வைத்தன. மூடுபனியில் பந்து தெரியாதே? எனவே 1861இல் இந்தக் குன்றிலிருந்து கோட்டைக்கு வானத்தில் கம்பி இழுத்து, அதே நொடியில் பீரங்கி வெடிக்கும்படி செய்தார்கள். ஞாயிறு தவிர இன்றும் ஒரு மணிக்கு வெடிக்கிறது. சத்தம் வந்துசேர எங்கே எத்தனை நொடி ஆகும் என்று வட்டம் வட்டமாக வரைபடமே அச்சிட்டிருக்கிறார்கள்.

மேற்கு நோக்கி உட்காருங்கள். டுகால்ட் ஸ்டுவர்ட் நினைவு மண்டபத்தின் தூண்கள் முன்னால், பின்னால் கடிகாரக் கோபுரங்கள், கரிய ஸ்காட் கோபுரம், கோட்டை. இடப்பக்கம் திரும்பினால் காலையில் ஏறிய மலை, உறங்கும் சிங்கம் போல. காலையிலிருந்து நடந்த வழி முழுவதையும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

இருட்டியதும் ஐந்து நிமிடம் கீழே இறங்கி வெஸ்ட் ரிஜிஸ்டர் தெருவில் கஃபே ராயல். எரிவாயு விளக்குகளும் குளியலறைச் சாமான்களும் விற்பதற்காகக் கட்டிய கட்டடத்தில் 1863இல் குடிவந்த பப். நடுவில் தீவு போல வட்டக் கவுன்டர். ஸ்காட்லாந்தில் உரிமம் தரும் அதிகாரிகளுக்கு மறைவான சிற்றறைகள் பிடிக்காது. நடுவில் நின்று எல்லா மூலையையும் கவனிக்க முடிகிற இந்த அமைப்பு அதனால் பரவியது. சட்டம் அங்கே கடுமையாகத்தான் இருந்தது. 1853இல் வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் பப்களை மூடவைத்தது, 1976இல்தான் அது தளர்ந்தது. 1960களின் கடைசியில் பக்கத்துக் கடையை விரிவாக்க இந்தக் கட்டடத்தையே இடிக்கவிருந்தார்கள், ஊரார் போராடி நிறுத்தினார்கள்.

சுவரோடு இருக்கும் அரைவட்டத் தோல் இருக்கையில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து நிமிருங்கள். டோல்டன் தொழிற்சாலையில் சுட்ட ஓட்டுச் சித்திரங்கள்: ஜேம்ஸ் வாட், ஸ்டீபன்சன், ஃபாரடே, ஃபிராங்க்ளின், காக்ஸ்டன், பீல். ஒவ்வொருவரும் தன் கண்டுபிடிப்போடு நிற்கிறார். ஓடுகளின் இணைப்புக் கோடுகள் முகங்களின் குறுக்கே ஓடுவதை அருகே போனால்தான் காண்பீர்கள். நிறம் மட்டும் நேற்றுத் தீட்டியது போல இருக்கும், ஏனென்றால் சுட்ட நிறம் புகையில் மங்காது. 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்து பப்களில் புகைபிடிப்பதைத் தடை செய்யும்வரை நூறு வருடத்துப் புகையை அது தாங்கியிருக்கிறது. எலுமிச்சை சேர்த்த சோடா ஒன்று உங்களுக்கு, அரை பைன்ட் அவருக்கு. ஜேம்ஸ் வாட்டுக்கு எதிரே இருக்கும் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.